மருதையனுக்கு ஒரு சந்தேகம்

பகல் பன்னிரண்டே முக்கால் மணி. வைகாசி கடைசி. திருத்துறைப்பூண்டியிலிருந்து தெற்கே போகிற பஸ், சாத்தங்கோட்டகம் பிரிவு ரோட்டில் ஒரே ஒரு ஆளை இறக்கிவிட்டுப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அங்கிருந்து ஊருக்கு மூன்று மைல். வாய்க்கால் கரையோடு ஒரு மண் ரோடு. இரண்டு பக்கமும் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிற வயல். மேட்டூரில் தண்ணீர் திறக்காத காலம்... வாய்க்காலில் சொட்டு ஈரம் இல்லை. நாய்கூட நிழலை விட்டு எழுந்திருக்காத நேரம்.

பேய் என்றால் ராத்திரிதான் என்று யார் சொன்னது? இப்படி ஒருத்தர் முதுகில் ஒருத்தர் சாய்ந்துகொண்டு கதை கேட்பதற்குத்தான் ராத்திரி. இது நடந்தது பட்டப்பகலில்.

இறங்கியவர் பெயர் ஹபீப் முகம்மது. பள்ளிக்கூட வாத்தியார். என்னோடு ஒரே ஆபீஸில் பதினோரு வருஷம் வேலை பார்த்த நெய்னா முகம்மதுவின் மாமனார். நெய்னா வாயில் சும்மா ஒரு வார்த்தை வராது. இதை எனக்குச் சொன்ன அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரம். சோற்றைப் பிசைந்தவர் பிசைந்தபடியே சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லி முடித்தபோது கை காய்ந்து போயிருந்தது. சாப்பிடவில்லை.

வருஷம் எழுபத்து நாலு. ஹபீப் சாருக்கு ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம். பென்ஷன் பேப்பர் அனுப்ப வேண்டும். அவருடைய சர்வீஸ் புத்தகத்தில் நாலு வருஷத்துக்குப் பதிவு விட்டுப்போயிருந்தது. அந்த நாலு வருஷமும் அவர் சாத்தங்கோட்டகம் பள்ளிக்கூடத்தில் இருந்தார். அங்கே போய்ப் பழைய ரிஜிஸ்டரைப் பார்த்து, 'இவர் இங்கே வேலை பார்த்தார்' என்று தலைமையாசிரியரிடம் எழுதி வாங்கிவர வேண்டும். இரண்டு மாதமாகக் கடிதம் போட்டுப் பார்த்தார், ஆள் அனுப்பிப் பார்த்தார். நேரில் வந்தால்தான் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த ஊருக்குப் போகாமல் இருக்க அவர் அவ்வளவு பாடுபட்டதற்குக் காரணம் இருந்தது.

அங்கே அவர் மொத்தம் பன்னிரண்டு வருஷம் இருந்தவர். முதல் வருஷத்திலேயே மருதையன் கிடைத்தான். காத்தாயி என்ற கூலிக்காரப் பெண்ணுக்கு ஒரே மகன், தகப்பன் இல்லை. பண்ணையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவனை, பண்ணையாரிடமே போய் நின்று கேட்டு, ஒன்பது வயதில் கூட்டிவந்து ஒன்றாம் வகுப்பில் உட்காரவைத்தவர் ஹபீப் சார். மற்ற பிள்ளைகளைவிட ஒரு முழம் உயரமாக இருப்பான். அதைப் பற்றி அவனுக்கு வெட்கமே கிடையாது. சார் சொன்னதுதான் சட்டம். ஒரு தடவை கைமறதியாக அவர் ஏழெட்டு ஐம்பத்து நாலு என்று போர்டில் எழுதிவிட்டார். மற்ற பிள்ளைகள் எல்லாம் கிசுகிசுத்துச் சிரித்தன. மருதையன் மட்டும் சிலேட்டில் ஐம்பத்து நாலு என்று எழுதிக் கொண்டுவந்து காட்டினான்.

"தப்புன்னு தெரியலையாடா ஒனக்கு?"

"நீங்க எழுதியிருந்தீங்களே சார்."

சார் அதை வீட்டில் மனைவி சைத்தூன் பீவியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்த அம்மாவுக்கும் அவன்மேல் உயிர். வாய்க்காலில் நண்டு பிடித்தால் முதல் நண்டு சார் வீட்டு அடுப்படிக்குத்தான் வரும்.

மருதையன் எட்டாம் வகுப்பு பாஸ் செய்தான். கூலிக்காரர் தெருவில் அவன்தான் முதல் ஆள். கட்டபொம்மன் மீசையும் சிவப்புத் துண்டுமாக விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்தான். எல்லோருக்கும் மனு எழுதுகிற வேலை அவனுக்கு வந்து சேர்ந்தது.

எழுபதாம் வருஷம் தை அறுவடை. கூலி நெல்லில் அரைப்படி கூட்டிக் கேட்டார்கள். பண்ணை மறுத்தது. வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கி அறுப்பைத் தொடங்கியது. ஊரே விறைத்துக்கொண்டு நின்றது. அது ஒரு வெள்ளிக்கிழமை. பயத்தில் பிள்ளைகளை மத்தியானமே வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். மூன்று மணிக்கு மருதையன் பள்ளிக்கூடத்துக்கு வந்தான். கலெக்டருக்கு ஒரு மனு. "ஒத்துப் பிழை இல்லாம இருக்கான்னு பாருங்க சார். கலெக்டர் படிச்சவரு, சிரிக்கக் கூடாது." ஹபீப் சார் மனுவை வாங்கினார். பிழை திருத்தியதோடு நிற்கவில்லை. பாதியை அவரே சொல்லச் சொல்ல அவன் எழுதினான். நாலரை மணிவரை முன் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பிரதி எடுத்தான்.

அதே நேரத்தில், அரை மைல் தள்ளிக் களத்தில் கைகலப்பு. பண்ணையின் காரியக்காரர் ஐயாவு மண்டை உடைந்து அங்கேயே செத்துப்போனார். போலீஸ் ஏழு பேர் பெயரை எழுதியது. முதல் பெயர் மருதையன்.

கோர்ட்டில் அவனுக்கு இருந்த ஒரே சாட்சி ஹபீப் சார்தான். 'என் எதிரில் இருந்தான்' என்று ஒரு வரி சொன்னால் போதும். ஆனால் அடுத்த கேள்வி வருமே... என்ன செய்துகொண்டிருந்தான்? மனு எழுதினான். யார் சொல்லி எழுதினான்? சர்க்கார் வாத்தியார் சங்கத்துக்கு மனு எழுதிக் கொடுத்தார் என்று ஆகிவிடும். வேலை போகும். வழக்குக்கு முதல் நாள் ஒரு ஆள் சார் வீட்டுக்கு வந்தான். மோர் வாங்கிக் குடித்தான். சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது, "சாருக்கு ரெண்டும் பொண்ணுல்ல? பாத்துச் சொல்லுங்க சார்" என்றான். அவ்வளவுதான். போய்விட்டான்.

மறுநாள் சாட்சிக் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தார். அன்று மருதையன் பள்ளிக்கூடத்துக்கு வந்தானா என்று கேட்டார்கள்.

"இல்லீங்க."

நீதிபதி மருதையன் பக்கம் திரும்பினார். நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டார். மருதையன் அவரைப் பார்க்கவே இல்லை. ஹபீப் சாரையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் இல்லை. கணக்கு விளங்காத பிள்ளை போர்டைப் பார்க்குமே, அப்படி. பார்த்தபடியே சொன்னான்...

"சார் சொன்னா சரியாத்தாங்க இருக்கும்."

அவனுடைய வக்கீல் பேனாவை மேஜைமேல் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஆயுள் தண்டனை. ஹபீப் சார் மாறுதல் வாங்கிக்கொண்டு திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் போய்விட்டார். அதன் பிறகு அந்த ஊரின் பெயரை அவர் வீட்டில் யாரும் எடுத்ததில்லை.

இப்போது அந்த ஊருக்குத்தான், பிரிவு ரோட்டுக் கடையில் ஒரு வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருக்கிறார்.

ஒன்றரை மைல் போயிருப்பார். பாதி வழியில் ஒரு மதகு. அங்கே வந்ததும் செயின் கழன்றது. இறங்கி, கரையில் குந்தி உட்கார்ந்து மாட்டப் பார்த்தார். கையெல்லாம் மசி. வியர்வை கண்ணில் இறங்குகிறது. எங்கேயோ ஒரு செம்போத்து 'உக்... உக்... உக்...' என்று விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

பட்டென்று நின்றது.

"விடுங்க சார். நான் மாட்டுறேன்."

நிமிர்ந்தார். மருதையன்.

கை வைத்த பனியன். மடித்துக் கட்டிய வேட்டி. மீசை இல்லை, தலை ஒட்ட வெட்டியிருந்தது. விடுதலையாகிவிட்டான் என்றுதான் ஹபீப் சாருக்கு முதலில் தோன்றியது. நன்னடத்தை என்று கைதிகளை முன்னதாகவே விடுகிற வழக்கம் அப்போது இருந்தது. அடுத்த நொடி, இவன் என்னை வெட்டத்தான் வந்திருக்கிறான் என்று தோன்றியது. முன்னாலும் பின்னாலும் பார்த்தார். கண்ணுக்கு எட்டின தூரம் ஆள் இல்லை.

மருதையன் குனிந்தான். ஒரே சுற்றில் செயினை மாட்டினான். நிமிர்ந்தபோது அவன் விரல்களில் ஒரு பொட்டு மசி இல்லை. அதை அவர் அப்போதே பார்த்தார். பார்த்தும் மனதில் ஏறவில்லை.

"அம்மா சௌக்கியமா சார்? பாப்பாவுங்க ரெண்டு பேரும்?"

"நல்லாருக்காங்கப்பா..." செருமிக்கொண்டார். "நீ எப்ப வந்தே?"

"தையிலேயே வந்துட்டேன் சார். நீங்க வெறுங்கையா நடங்க, வெயிலு. நான் தள்ளிக்கிட்டு வர்றேன்."

நடந்தார்கள். பத்து அடி போனதும்தான் அவருக்கு உறைத்தது. சைக்கிள் உருள்கிறது... சத்தம் இல்லை. தள்ளிக்கொண்டு போனால் 'டிக் டிக் டிக்' என்று கேட்க வேண்டுமே, அது இல்லை. அவருடைய செருப்புச் சத்தம் மட்டும்தான்.

அப்புறம் வாசனை. அப்போதுதான் அறுத்த நெல்தாளின் வாசனை. பச்சை வைக்கோலும் ஈரமும் கலந்த தை மாத வாசனை... வைகாசி வெயிலில். கூடவே காதோரத்தில் 'சரக்... சரக்... சரக்...' பத்து இருபது அரிவாள் ஒன்றாக அறுக்கிற சத்தம். வயலைத் திரும்பிப் பார்த்தார். வெடித்த மண். ஒரு புல் இல்லை.

வாய்க்குள் ஓத ஆரம்பித்தார். சின்ன வயதிலிருந்து தினம் ஐந்து வேளையும் ஓதுகிற வசனம். மூன்றாவது வரியில் மறந்துபோனது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மறுபடி அதே இடத்தில் நின்றது.

"சார்... ஒரு சந்தேகம் சார்."

வகுப்பில் கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்று கேட்பானே, அதே குரல்.

"சொல்லு."

"அன்னிக்கு நான் எங்க சார் இருந்தேன்?"

ஹபீப் சார் நின்றுவிட்டார். அவனும் நின்றான்.

"எனக்குப் பள்ளிக்கூடம்தான் நெனப்புல வருது சார். முன் பெஞ்சி, ஆணி பேந்திருக்கும்ல, அது. நீங்க சொல்லச் சொல்ல எழுதுனேன். ஆனா நீங்க இல்லன்னு சொன்னீங்க. நீங்க சொன்னா அப்படித்தான் இருக்கும். அப்ப நான் எங்க இருந்தேன்? ஜெயில்ல நாலு வருஷம் அதைத்தான் ரோசன பண்ணுனேன். களத்துலதான் இருந்துருப்பேன்னு அங்க போயிப் பாத்தேன். ஐயாவு அண்ணன் நின்னுக்கிட்டிருந்தாரு. அவருகிட்டயே கேட்டேன். 'நீ இஞ்ச இல்லடா, என்னை அடிச்சவன் வேற ஆளு'ங்கிறாரு. களத்துலயும் இல்ல, பள்ளிக்கூடத்துலயும் இல்ல... நான் எங்கதான் சார் இருந்தேன்?"

ஐயாவு செத்து நாலரை வருஷம்.

அந்த இடத்தில்தான் ஹபீப் சாருக்கு எல்லாம் விளங்கியது. ஓடவில்லை. ஓட உடம்பில் தெம்பு இல்லை என்று நெய்னாவிடம் பிற்பாடு சொன்னார். ஆனால் வாய் திறந்தது. நாலரை வருஷமாக நெஞ்சில் கிடந்தது தானாக வெளியே வந்தது.

"பள்ளிக்கூடத்துலதான்டா இருந்தே. என் எதிர்ல இருந்தே. நான்தான் பொய் சொன்னேன். பயந்துக்கிட்டுப் பொய் சொன்னேன்டா மருதையா..."

மருதையன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். அரிவாள் சத்தம் நின்றுபோயிருந்தது. அவன் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது. வாத்தியார் தன்னைச் சமாதானப்படுத்துகிறார் என்று தெரிந்துகொண்ட பிள்ளையின் சிரிப்பு.

"நீங்க பொய் சொல்ல மாட்டீங்க சார். சத்தியம் பண்ணிட்டுல்ல சொன்னீங்க. எனக்காகச் சொல்றீங்க."

"இல்லடா... அல்லா மேல ஆணையா..."

"பரவால்ல சார். நான் இன்னும் கொஞ்சம் தேடிப் பாக்குறேன்."

ஆள் இல்லை. கண்ணை மூடித் திறக்கவில்லை, அப்படியே இல்லை. சைக்கிள் மட்டும் பிடிக்க ஆள் இல்லாமல், ஸ்டாண்டு போடாமல், நடு ரோட்டில் நேராக நின்றுகொண்டிருந்தது... கொஞ்ச நேரம். பிறகு சாய்ந்தது.

மீதி ஒன்றரை மைலை எப்படி நடந்தார் என்று அவருக்கே தெரியாது. பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. நேரே காத்தாயி வீட்டுக்குப் போனார். அவள் குடிசைக்கு வெளியே முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்து எழுந்திருக்கவும் இல்லை, ஆச்சரியப்படவும் இல்லை.

"வந்துட்டீங்களா சார்."

கீரையை உருவிக்கொண்டே சொன்னாள். தை மாதம் ஜெயிலிலிருந்து ஒரு கடுதாசி வந்ததாம். வயிற்றுப்போக்கு என்று எழுதியிருந்தார்களாம். இவள் போய்ச் சேருவதற்குள் புதைத்தும் விட்டார்களாம்.

"எட்டாம் நாளு உச்சிப்பொழுதுல வந்தான் சார். இந்தா, நீங்க நிக்கிற எடத்துலதான் நின்னான். 'அம்மா, அன்னிக்கு நான் எங்க இருந்தேன்'னான். நான் என்னத்தக் கண்டேன்? தங்கச்சி ஊருக்கில்ல போயிருந்தேன். தெனம் வந்தான். இதே கேள்வி. பெத்தவளுக்கு எவ்வளவு நாளு தாங்கும்? எனக்கு எழுத்தா படிப்பா... ஒங்க சாருக்குத்தான்டா தெரியும், அவருகிட்டப் போயிக் கேளுன்னேன். நான்தான் சார் அனுப்புனேன்."

கீரையைக் கீழே வைத்தாள்.

"என்ன சார் சொன்னீங்க அவன்கிட்ட?"

ஹபீப் சார் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அவளுக்குக் கீழே, தரையில். எல்லாவற்றையும் சொன்னார். மனு, மோர் குடித்தவன், கூண்டு, எல்லாம். அழுதார். அவள் அழவில்லை. மண்ணை வாரித் தூற்றவும் இல்லை.

"அவன் ஒங்ககிட்டதான் இருந்தான்னு பெத்த மனசுக்கு அப்பவே தெரியும் சார். அவனுக்குல்ல தெரியணும்."

சர்டிபிகேட் வாங்காமலே திரும்பிவிட்டார். அந்த வாரமே முத்திரைத்தாளில் நடந்ததை எழுதி, கோர்ட்டுக்கு ஒன்று, கல்வி இலாகாவுக்கு ஒன்று, கலெக்டருக்கு ஒன்று அனுப்பினார். செத்தவன் வழக்கை யார் எடுப்பார்கள்? கோர்ட்டிலிருந்து பதிலே இல்லை. இலாகாவிலிருந்து மட்டும் உடனே வந்தது. சஸ்பெண்டு. பென்ஷன் வரப் பல வருஷம் ஆனது. சைத்தூன் பீவி இடியாப்பம் அவித்து விற்றுக் குடும்பத்தைத் தள்ளினார். "முன்னாடியே சொல்லியிருந்தா அப்பவே வித்திருப்பேனே" என்று ஒரே ஒரு தடவை சொன்னாராம். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

முத்திரைத்தாளில் எழுதினதன் நகலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஹபீப் சார் அந்த மதகுக்கு எத்தனையோ தடவை போனார். உச்சி வெயிலில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார். காத்தாயி வீட்டுக்கும் அவன் அதற்கப்புறம் வரவில்லை. அடங்கிவிட்டான் என்று அவள் நம்பினாள். அந்த நம்பிக்கையோடு அவளும் போய்ச் சேர்ந்தாள்.

எண்பத்தாறில் ஹபீப் சார் காலமானார். சொந்த ஊரில், பள்ளிவாசலை ஒட்டின மையவாடியில் அடக்கம். அவர் படுக்கையில் கிடந்த நாட்களில் இதையெல்லாம் நெய்னாவிடம் சொல்லியிருந்தார். காய்ச்சல் பிதற்றல் என்று நெய்னா நினைத்திருந்தார். சாயங்கால அஸர் தொழுகைக்கு முன்னால் அடக்கினார்கள். மூன்று பிடி மண் போட்டு, துஆ ஓதி, கூட்டம் கலைந்தது. மரத்தடியில் கழற்றிப்போட்ட செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நெய்னா மட்டும் கடைசி.

கைகளைக் கட்டிக்கொண்டு ஒருவன் நின்றான். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். இந்தப் பக்கத்து ஆள் இல்லை.

"யாரு தம்பி?"

"சாரோட ஸ்டூடண்டுங்க."

"எந்த ஊர்ல படிச்சீங்க?"

"சாத்தங்கோட்டகம்."

நெய்னா தலையை ஆட்டினார். அப்புறம்தான் மனதுக்குள் கணக்கு ஓடியது. மாமா அந்த ஊரை விட்டுப் பதினாறு வருஷம் ஆகிறது. அப்போது இவன் பள்ளிக்கூடம் சேர்ந்திருந்தாலே ஒன்றாம் வகுப்புதான்... மாமா படுக்கையில் சொன்ன பிள்ளை ஞாபகம் வந்தது.

அவன் பவ்யமாகச் சொன்னான். "கேஸு, கோர்ட்டு, பென்ஷன்னு சாருக்கு ஓயாம அலைச்சலு. நடுவுல வந்து தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு இருந்துட்டேங்க. இனிமே சாருக்கு நேரம் இருக்கும்ல?"

நெய்னா செருப்பைப் போட்டுக்கொள்ளவில்லை. கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். திரும்பிப் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தாராம். வாசல்படியில் கால் வைக்கும்போது திரும்பிவிட்டார்.

அவன் புது மண்ணின் தலைமாட்டில் குந்தியிருந்தான். காதைக் கொஞ்சம் சாய்த்து, மண்ணுக்குள்ளிருந்து யாரோ நிதானமாகச் சொல்வதைக் கேட்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். 'ஆமாம் சார்... ஆமாம் சார்...' என்று உதடு அசைந்தது.

ஆட்டிக்கொண்டே இருந்த தலை, மெதுவாக, பக்கவாட்டில் ஆட ஆரம்பித்தது. இல்லை, நீங்க பொய் சொல்ல மாட்டீங்க சார் என்கிற மாதிரி.

அப்போது, வெட்டிமூடி இன்னும் ஈரம் காயாத அந்த மண், உள்ளேயிருந்து ஒரு கை தட்டின மாதிரி... இலேசாக... அசைந்தது.